செருப்பு: சொல்லும் வடிவும்

தோலை அறுத்து வார் கோத்து அடிக்காலில் இடும் பொருளுக்குச் சங்க நூல்கள் தரும் பெயர்களுள் ‘தொடுதோல்’, ‘அடிபுதை அரணம்’, ‘செருப்பு’ ஆகிய மூன்றும் முதன்மையானவை. தொடுதல் என்பதற்கு அணிதல் என்ற பொருளும் உண்டாதலின், தொடுதோல் காலில் அணியும் தோலாகும். மதுரைக்காஞ்சி இதனை இரவில் திரியும் கள்வரின் கால்களில் காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் அடிபுதை அரணம் பாதத்தை மறைத்துக் காக்கும் காப்பு என விரிவதால், வாரிட்ட செருப்பினும் மூடிய வடிவம் ஒன்றை அது சுட்டியதாகக் கருத இடமுண்டு.

செருப்பு என்ற சொல்லுக்கோ சான்று இன்னும் தெளிவானது. புறநானூற்றின் 257ஆம் பாடல், பகைவரை ஓயாது வருத்தும் வீரனைச் செருப்பினுள் புகுந்த பரற்கல்லுக்கு ஒப்பிடுகிறது. பதிற்றுப்பத்தின் 21ஆம் பாட்டில் பூழி நாட்டிலுள்ள செருப்பு என்னும் மலையைக் குறிக்க நேர்ந்தபோது, புலவர் பாலைக் கௌதமனார் அதனை ‘மிதியல் செருப்பு’, அதாவது காலால் மிதிக்கப்படாத செருப்பு, என்று அடைகொடுத்து விலக்குகிறார். கேட்போர் உள்ளத்தில் காலில் இடும் பொருளே முதலில் தோன்றும் அளவுக்கு அச்சொல் அன்றே வேரூன்றியிருந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. மலையாளத்தில் ‘செருப்பு’, தெலுங்கில் ‘செப்பு’, கன்னடத்தில் ‘கெரவு’ என இது இனமொழிகளிலும் வழங்குகிறது. தமிழ்ச் ‘செவி’ கன்னடத்தில் ‘கிவி’ ஆவது போலவே இங்கும் முதலெழுத்தில் பழைய ககரத்தைக் கன்னடம் காத்து நிற்கிறது.

இத்துணைப் பழமையான சொல் பிற்காலத்தில் வசைக்கும் இழிவுக்கும் உரியதாயிற்று. தோலைத் தொட்டுத் தொழில் செய்தோரைச் சாதி ஒதுக்கியதும், ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்கும் உரிமையைப் பலருக்கு மறுத்ததுமே அதற்குக் காரணம். சொல்லின்மேல் ஒரு குற்றமும் இல்லை. பூவிருந்தவல்லி வரதராசப் பெருமாள் கோயில் முதலிய வைணவத் தலங்களில் இறைவனின் திருவடிநிலையாகிய சடாரியை அடியார் தலையில் ஏற்கின்றனர். திருவரங்கத்தில் செருப்புத் தொழிலாளர் அரங்கநாதருக்குப் பெரிய தோற்செருப்புகளைக் காணிக்கையாக அளிக்கும் மரபும் உண்டு. போர்த்துக்கீசியச் ‘சபாத்து’ ஈழத்தமிழில் ‘சப்பாத்து’ ஆகி மூடிய வகைக்குப் பெயராக நிலைத்தது. தமிழகத்தில் ஏடுகளும் அலுவலகங்களும் ‘காலணி’ என்ற சொல்லை மேற்கொண்டன; பேச்சிலோ செருப்பும் ஷூவும் தனித்தனியே நின்றன.

பூவிருந்தவல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர் காணும் இருங்காட்டுக்கோட்டையில், 1986இல் மத்திய அரசு தொடங்கிய காலணி வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனத்தின் வளாகம் உள்ளது. பழைய நாட்டுச் செருப்பின் வடிவிலிருந்து புதிய காலணியை உருவாக்க விழையும் மாணவர் அறிய வேண்டிய அண்மைச் செய்தி கோலாப்பூரிச் செருப்பினுடையது. பதனிட்ட தோலை அடுக்கித் தைத்த தட்டையான அடியும், பெருவிரல் நுழையும் வளையமும், பாதத்தின் குறுக்கே ஓடும் வாரும் கொண்ட அச்செருப்பு 2019இல் மகாராட்டிரத்தின் நான்கு, கருநாடகத்தின் நான்கு மாவட்டங்களுக்கு உரியதாகப் புவிசார் குறியீடு பெற்றது. 2025 சூனில் இத்தாலிய நிறுவனமான பிராடா மிலான் நகரில் அதனை ஒத்த செருப்பை மூலத்தைக் கூறாமல் காட்சிக்கு வைத்தபோது எதிர்ப்பு எழுந்தது. அதன் தூண்டுதல் இந்தியக் கைவினையே எனப் பின்னர் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. பெயரும் எல்லையும் பதிவாகியிருந்தமையால் உரிமையை எடுத்துக்கூற ஊன்றுகோல் கிடைத்தது.

தமிழ்நாட்டின் வார்ச்செருப்புகளை ஊர்வாரியாக, தைப்போர் வாயில் வழங்கும் உறுப்புப் பெயர்களோடு அளந்து வரைந்து பதிவு செய்வதே இருங்காட்டுக்கோட்டையில் பயில்வோர் முதலில் மேற்கொள்ள வேண்டிய பணி. அப்பதிவில் செருப்பு செருப்பு என்றே எழுதப்படட்டும்.