பிறைச் செய்தி வந்த பெட்டி

ரமழான் இருபத்தொன்பதாம் நோன்பைத் திறந்து, மகரிபு தொழுகையையும் முடித்துக்கொண்டு வெளியே வரும் ஆடவரில் சிலர் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று வயல்வெளிக்கு அப்பால் மேல்வானத்தை உற்றுநோக்க, வேறு சிலர் தேத்தண்ணிக் கடையிலுள்ள றேடியோப் பெட்டியைச் சூழ்ந்துகொள்ள, நாளை பெருநாளா, அன்றி முப்பதாம் நோன்பா என்னும் ஒரே கேள்வி அடுப்பங்கரைவரை சென்று நிற்பது, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே தோப்பூர் போன்ற ஊர்களில் ஒரு தலைமுறைக்கு நன்கு பழகிய காட்சி. பலகாரத்துக்கு மாக் குழைப்பதா, சஹருக்குச் சோறு ஆக்குவதா என்று பெண்கள் தயங்கி நிற்பர். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் எடுத்த தீர்மானம் வானொலியின் முஸ்லிம் சேவையில் ஒலித்த பின்னரே அந்தத் தயக்கம் தீரும்.

அந்தக் குரல் ஊருக்கு வந்து சேர்ந்த சரித்திரம் யுத்தங்களோடு பின்னிக் கிடக்கிறது. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், முதல் உலக யுத்தத்தில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உதிரிப் பாகங்களைக் கொண்டு செய்த பரீட்சையின் பயனாக, 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி பிறந்தது. இரண்டாம் யுத்தத்தில், திருகோணமலைத் துறைமுகம் 1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுகளுக்கு இலக்கான பின்னர், நேசநாட்டுத் துருப்புகளின் பொருட்டுக் கொழும்பில் இயங்கிய 'றேடியோ சியாக்' நிலையம் 1949இல் இலங்கை அரசின் கைக்கு மாறி 'றேடியோ சிலோன்' ஆயிற்று. 1967இல் அதுவே ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று.

மின்சாரம் எட்டாத அக்காலத்தில், பற்றரி தளர்ந்துவிட்டால் அதனை வெயிலில் காயவைத்து மறுபடி போட்டுக் கேட்ட ஜனங்களுக்கு, வானொலி என்பது பெரும்பாலும் ஒருவழிப் பாதையே. கொழும்பு பேசும், கிராமம் கேட்கும். தபாலட்டையில் எழுதி அனுப்பிய பெயர் நேயர் விருப்பத்தில் ஊர்ப்பெயரோடு சேர்த்து வாசிக்கப்படுவதும், மரண அறிவித்தலில் தெரிந்த பெயரொன்று திடீரெனக் காதில் விழுவதுமே, அவ்வழியில் எதிர்த்திசையில் நடந்த சொற்பப் போக்குவரத்து.

ஆயினும் பிறை விஷயத்தில் மட்டும் அந்த ஒழுங்கு தலைகீழாக மாறியது. கொழும்பு வானம் மேகம் மூடிக் கிடக்கையில் நாட்டின் எங்கோ ஒரு மூலையில் பிறை தென்பட்டிருக்கலாமாதலால், கண்டவர் சொல்லும் சாட்சியம் அவ்வூர்ப் பள்ளிவாசலின் மூலம் கொழும்புக்கு எட்ட வேண்டும்; யார் கண்டார், எந்நேரம் கண்டார், வானம் தெளிந்திருந்ததா என்று ஆலிம்கள் துருவி விசாரித்த பின்னரே ஒலிவாங்கி வாய் திறக்க வேண்டும். கிராமம் பேச, நகரம் கேட்டு நிறுத்துப் பார்த்து, பின்னர் தேசம் முழுமைக்கும் அறிவித்த இம்மரபையே நம் நாட்டு வானொலி விவாதத்தின் ஆதி வடிவம் என்று கருத நான் துணிகிறேன்.

பின்னர் வந்த முயற்சிகள் பல. மகாவலித் திட்டத்துக் குடியேற்றங்களுக்கென 1980களின் தொடக்கத்தில் யுனெஸ்கோவின் உதவியோடு அமைந்த சமூக வானொலி, தயாரிப்பாளரைக் கிராமங்களுக்கு அனுப்பி, விவசாயிகளோடு தங்கி அவர்கள் குரலையே பதிவுசெய்யவைத்தது. அக்கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரத்துத் தமிழ்க் குரலுக்கோ, பெரும்பாலும் சிங்களத்தில் நடந்த அந்த ஏற்பாட்டில் இடமில்லாதிருந்தது. 1995இல் கூட்டுத்தாபனம் தன் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியை நடுவழியில் நிறுத்திவிட, அதில் பங்கெடுத்து வந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். அவ்வாறு பங்கெடுக்கும் நேயரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று 1996இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். கேட்பவனும் பேசுபவனே என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட நாள் அது.

இன்றோ, கைத்தொலைபேசி உள்ள எவரும் வானலையில் பேசலாம். மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் கைக்கூலியும், பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காகத் தந்தையர் பாலைவன நாடுகளில் கழிக்கும் வருஷங்களும், 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவதா வேண்டாமா என்னும் தர்க்கமும் அங்கே அலசப்படுகின்றன. பிறையும் விவாதப் பொருளாகிவிட்டது. 2013 ஆகஸ்டில், தோப்பூருக்கு அயலூரான கிண்ணியாவில் பிறை கண்டதாகப் பலர் சாட்சி சொல்லியும் கொழும்பு அதனை ஏற்காமற்போக, அவ்வூரார் மறுநாளே பெருநாள் கொண்டாட, நாட்டில் பெரும்பாலானோர் இன்னுமொரு நோன்பு நோற்றனர்.

அன்றிரவு எழுந்த மனக்கசப்பு ஒன்றைத் தெளிவாக்கிற்று. பெட்டி சொன்னதை ஊர் அத்தனை காலம் ஏற்றது, பெட்டியின் மகிமையால் அன்று; தான் கண்டதைச் சொன்னால் அங்கே ஒருவர் காதுகொடுத்து விசாரிப்பார் என்ற நம்பிக்கையால்தான். பேசுவதற்கு வழிகள் பெருகிய நம் காலத்தில் அருகிவருவது அவ்விசாரணையே. அழைப்பு எடுத்தவரிடம், "நீங்கள் கண்டீர்களா, எங்கே நின்று கண்டீர்கள்?" என்று பொறுமையோடு வினவும் ஒலிபரப்பாளன் இருக்கும்வரை, தேத்தண்ணிக் கடைப் பெட்டியைச் சூழ ஆட்கள் நின்றதற்கு அர்த்தமுண்டு.