எஜமானர் வரும் வரை: ஆவூரும் அதன் உபதேசிமாரும்

தியானப் பகுதி: மத்தேயு 24:45–51, 2 தெசலோனிக்கேயர் 3:6–13



உயிரோடிருப்போரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க நம் ஆண்டவர் திரும்ப வருவார் என்று ஞாயிறுதோறும் விசுவாசப்பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோம். ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்த அறிக்கை நம்மிடம் என்ன கேட்கிறது? சிலர் யுத்தச் செய்திகளைக் கேட்டதும் நாட்களை எண்ணத் தொடங்குகிறார்கள். வேறு சிலர், இரண்டாயிரம் ஆண்டுகளாக வராதவர் இனியா வரப்போகிறார் என்று உள்ளத்துக்குள் சொல்லிக்கொண்டு தம் போக்கில் வாழ்கிறார்கள். இவ்விரு சோதனைகளுக்கும் நடுவே உண்மையாய்க் காத்திருப்பது எப்படி என்பதை, நம் புதுக்கோட்டை மாவட்டத்து மண்ணின் வரலாறு ஒன்றிலிருந்து இந்த வாரம் தியானிப்போம்.

வருடத்துக்கு ஒருமுறை வந்த குரு

மாவட்டத்தின் வடபகுதியில், திருச்சிராப்பள்ளிக்கு அருகே ஆவூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. பெரியநாயகி மாதா ஆலயமும் உயிர்ப்புப் பெருவிழாத் தேரும் அவ்வூரின் அடையாளங்கள். இன்றுள்ள ஆலயம் 1747இல் எழுந்தது. அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், அங்கே ஓர் ஆலயத்தை எழுப்பியவர் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு ஜான் வெனான்சியுஸ் புஷே. பெரிய சஞ்சீவிநாதர் என்று மக்கள் அவரை அழைத்தார்கள். 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரையில் தொடங்கிய பணியின் தொடர்ச்சியே ஆவூர். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அங்கே பணியாற்றியதை அவ்வூர் வரலாறு நினைவுகூர்கிறது.

அவர்களுடைய உபதேசத்துக்கும் நம்முடையதற்கும் வேறுபாடுகள் உண்டு. அவற்றை இங்கே ஆராயப் போவதில்லை. அச்சபைகளின் அன்றாட வாழ்வையே கவனிக்க விரும்புகிறேன். மதுரை மிஷன் என்பது வைகைக் கரையிலிருந்து காவிரிக்கு வடக்கேயும் பரவிய பெரும் நிலப்பரப்பு. அதில் குருக்கள் மிகச் சிலரே. சாலைகள் பாதுகாப்பற்றவை, பாளையக்காரர்களின் பூசல்கள் ஓய்ந்தபாடில்லை. பல சிற்றூர்கள் தங்கள் குருவை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தாலே பெரிது. அவர் வந்தால் சில நாட்கள் தங்குவார். பாவசங்கீர்த்தனம் கேட்பார், திருப்பலி நிறைவேற்றுவார், ஞானஸ்நானம் கொடுப்பார், அடுத்த ஊருக்குப் புறப்படுவார். மீண்டும் எப்போது வருவார் என்பதை எவரும் உறுதியாய்ச் சொல்ல இயலாது.

அப்படியானால் எஞ்சிய நாட்களில் அச்சபைகளைத் தாங்கியவர்கள் யார்? உபதேசிமார். வீரமாமுனிவர் அவர்களை வேதியர் என்று அழைத்தார்; வேதத்தைப் போதிப்பவர் என்பது அங்கே அச்சொல்லின் பொருள். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டி ஜெபங்களைச் சொல்வித்தவர்கள் அவர்களே. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தார்கள். நோயாளியின் பாயருகே அமர்ந்தார்கள். சாகும் தறுவாயில் இருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மரித்தவரை ஜெபத்தோடு அடக்கம் செய்தார்கள். சண்டையிட்ட வீட்டாரைச் சமாதானப்படுத்தினார்கள்.

வீரமாமுனிவர் காவியத்தோடு நின்றுவிடவில்லை. இந்த எளிய ஊழியர்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதினார். உபதேசியார் தம்மை எவ்வாறு காத்துக்கொள்ள வேண்டும், பிறருக்கு எவ்வாறு போதிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். தமிழ் உரைநடையின் தொடக்ககால நூல்களுள் ஒன்று, குரு இல்லாத நாட்களில் சபையைக் காக்க வேண்டிய மனிதனின் அன்றாட நடக்கையைப் பற்றியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அறுபது ஆண்டுகள்

பின்பு பெரும் சோதனை வந்தது. 1759இல் போர்த்துக்கல் அரசு இயேசு சபையாரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773இல் பதினான்காம் கிளமெந்து என்னும் போப்பு அச்சபையையே கலைத்தார். ஐரோப்பாவின் அரண்மனைகளில் எடுக்கப்பட்ட முடிவின் விளைவை நம் நாட்டுப் புன்செய்க் காட்டுக் கிராமங்கள் சுமந்தன. இருந்த குருக்கள் முதிர்ந்து ஒவ்வொருவராய் மரித்தனர், புதியவர்கள் வரவில்லை. கோவாவிலிருந்து வந்த குருக்கள் தம்மால் இயன்றவரை உழைத்தார்கள். ஆயினும் பரப்பு பெரிது, ஆட்கள் குறைவு. அதே காலத்தில்தான் கர்நாடகத்தில் போர்கள் மூண்டன; ஐதர் அலியின் படைகளும் அவற்றை எதிர்த்த படைகளும் வயல்களை மிதித்துச் சென்றன; பஞ்சமும் கொள்ளைநோயும் தொடர்ந்தன.

1814இல் இயேசு சபை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. ஆனால் ஜோசப் பெர்த்ராந்து உள்ளிட்ட நான்கு குருக்கள் பிரான்சிலிருந்து தென்னிந்தியக் கரையை அடைந்தது 1837இல்தான். சபை கலைக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் அறுபது ஆண்டுகளுக்கு மேல். 1773இல் முப்பது வயதில் இருந்த ஓர் உபதேசியார் 1837இல் உயிரோடு இருந்திருக்க வழியில்லை. அவர் தம் மகனுக்கு ஜெபங்களைக் கற்பித்திருப்பார். மகன் பேரனுக்குக் கற்பித்திருப்பான். எத்தனை ஆண்டுகள் என்று அவர்களுக்கு யாரும் முன்னறிவிக்கவில்லை. காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் காத்திருந்தபடியே கண்மூடினார்கள். எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 11ஆம் அதிகாரம் சொல்லும் விசுவாசிகளின் வரிசை இத்தகையதே: வாக்குத்தத்தம் நிறைவேறுவதைத் தம் கண்ணால் காணாமல், அதைத் தூரத்திலிருந்து கண்டு வாழ்த்தியவர்கள்.

எனினும் அந்த நால்வர் வந்தபோது வெறும் இடிபாடுகளை அவர்கள் காணவில்லை. சபைகள் இருந்தன. பலவற்றில் அறியாமையும் தளர்ச்சியும் மிகுந்திருந்தாலும், பெயரைச் சொல்லி ஜெபிக்கும் மக்கள் இருந்தார்கள்.

ஜப்பானின் நாகசாகியில் இதைவிட நீண்ட காத்திருப்பு ஒன்று நிகழ்ந்தது. 1614இல் அங்கே கிறிஸ்தவ மார்க்கம் தடைசெய்யப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குள் கடைசிக் குருவும் இல்லாமற்போனார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1865ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று, உரகாமியைச் சேர்ந்த ஒரு சிறு கூட்டம் புதிதாய்க் கட்டப்பட்ட ஊரா ஆலயத்துக்கு வந்து, தாங்களும் அதே விசுவாசத்தார் என்று பிரெஞ்சுக் குரு பெத்திஜானிடம் மெதுவாகச் சொன்னது. அவர்களை அதுவரை காத்தது எது? ஒருவர் திருநாட்களைக் கணக்கிட்டுச் சொன்னார். வேறொருவர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்தப் பொறுப்புகள் தலைமுறை தலைமுறையாய்க் கைமாறின. அற்புதம் என்று சொல்லத்தக்கது எதுவும் அதில் இல்லை. தவறாமல் செய்யப்பட்ட சிறு கடமைகள் இருந்தன.

கணக்கிட்டவர்களும் சண்டையிட்டவர்களும்

ஆண்டவரின் வருகையை எதிர்நோக்கிய எல்லாரும் இவ்வழியே நடக்கவில்லை. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் திருவிதாங்கூரில் ஞானஸ்நானம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையில் குருவான யுஸ்துஸ் யோசேப்பு என்பவரை நினைவுகூர்வோம். கல்வியிலும் பக்தியிலும் சிறந்தவர். அவர் இயற்றிய பாடல்களை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. எழுப்புதலின் அனலில் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார்கள். அதன்பொருட்டுத் தாய்ச்சபையை விட்டுப் பிரிந்தார்கள். 1881 வந்தது, போயிற்று. ஆண்டவர் வரவில்லை. ஏமாற்றத்தில் பலர் சிதறினார்கள்.

அவரை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஆண்டவரை அவ்வளவு ஆவலோடு விரும்பிய உள்ளம் நம்மில் எத்தனைபேருக்கு உண்டு? ஆனால் பிதா ஒருவரே அறிந்த நாளை மனிதன் குறித்துச் சொன்னால், அந்த நாளுக்கு மறுநாள் எப்படி வாழ்வது என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லாமற்போகிறது. கி.பி. 50ஐ ஒட்டித் தெசலோனிக்கே சபையிலும் இதன் நிழல் விழுந்தது. ஆண்டவரின் நாள் வந்துவிட்டது என்று கலங்கியவர்கள் இருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு வீண் அலுவல்களில் திரிந்தவர்களும் இருந்தார்கள். பவுல் அவர்களுக்கு எந்த அட்டவணையையும் வரைந்து அனுப்பவில்லை. அமைதலாய் உழைத்துத் தங்கள் சொந்த உணவை உண்ணும்படியும், நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதிருக்கும்படியும் எழுதினார்.

மற்றொரு அபாயமும் உண்டு. அது ஆவூர் வட்டாரத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1837க்குப் பின் புதிய குருக்கள் வந்ததும், அதுவரை ஊழியம் செய்த கோவாக் குருக்களின் தரப்புக்கும் அவர்களுக்கும் ஆலயங்கள் எவருக்கு உரியவை என்ற வழக்கு மூண்டது. தமிழகத்தின் பல ஊர்களில் மக்கள் இரு கட்சிகளாய்ப் பிரிந்தார்கள், நீதிமன்றம்வரை சென்றார்கள். இதற்கும் அடியில் சாதி வேற்றுமை இருந்தது. ஒரே ஆண்டவரைத் தொழுத மக்கள் ஆலயத்துக்குள்ளும் தனித்தனியே அமர்ந்தார்கள். நம் சீர்திருத்தச் சபைகளும் இந்தப் பாவத்துக்கு விலக்கல்ல என்பதை மனந்தாழ்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். மத்தேயு 24இல் ஆண்டவர் சொன்ன பொல்லாத ஊழியக்காரனின் குற்றம் என்ன? எஜமானர் தாமதிக்கிறார் என்று எண்ணித் தன் உடன் வேலைக்காரரை அடித்தான். தாமதம் அவனுக்குள் புதிதாய் எதையும் உண்டாக்கவில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்ததை வெளியே கொண்டுவந்தது.

ஏற்ற வேளையில் உணவு

அதே உவமையில் உண்மையுள்ள ஊழியக்காரன் என்ன செய்கிறான் என்பதைக் கூர்ந்து நோக்குங்கள். வீட்டாருக்கு ஏற்ற வேளையில் உணவு கொடுக்கிறான். எஜமானர் திரும்பி வந்து காணும்போது அவன் வாசலில் நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஆண்டவர் சொல்லவில்லை. அளந்து கொடுக்க வேண்டிய தானியமும், பசித்து உட்கார்ந்திருக்கும் மனிதர்களும் அவன்முன் இருக்கிறார்கள். அந்த வேலையே அவனுடைய காத்திருப்பு. குரு வராத ஆண்டுகளில் ஞாயிறுதோறும் பிள்ளைகளை உட்காரவைத்து ஜெபம் கற்பித்த அந்த உபதேசிமார் செய்ததும் இதுவே.

நம் மாவட்டத்து உழவருக்கு இந்த உண்மை விளங்காததல்ல. வற்றாத ஆறு இல்லாத இந்த மண் கண்மாய்களையும் குளங்களையும் நம்பி வாழ்வது. வடகிழக்குப் பருவமழை எந்த நாளில் இறங்கும் என்று எவரும் குறித்துச் சொல்ல முடியாது. ஆகவே நம் முன்னோர் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மழைக்குமுன் ஊர்கூடிக் கரையை உயர்த்தினார்கள், வரத்துக்காலைத் தூர்வாரினார்கள், மடையைச் செப்பனிட்டார்கள். அதைக் குடிமராமத்து என்றார்கள். தூம்பு அமைத்தவர்களைப் பற்றிய பழங்கல்வெட்டுகள் பல இவ்வட்டாரத்தில் கிடைத்துள்ளன. கரை உடைந்த கண்மாய்க்கு நல்ல மழையும் பயன்படாது. முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையாய்க் காத்திருக்கும் பயிரிடுகிறவனை யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் காட்டுகிறார். அந்தப் பொறுமை மண்வெட்டி பிடித்த பொறுமை என்பதை நம் ஊரார் நன்கு அறிவர்.

அன்பானவர்களே, ஒப்புமைக்கு எல்லை உண்டு. அந்நாளைய கிராமங்கள் காத்திருந்தது ஒரு மனிதக் குருவுக்காக. நாம் காத்திருப்பது மரணத்தை வென்ற கர்த்தருக்காக. அவர்களுக்குக் குரு திரும்பி வருவாரா என்பதே தெரியாது. நமக்கோ வருகிறவர் இன்னார் என்று தெரியும், அவர் வருவார் என்பதும் தெரியும். நாள் மட்டுமே மறைக்கப்பட்டிருக்கிறது. குறைந்த நிச்சயத்தோடு அவர்கள் அறுபது ஆண்டுகள் விளக்கைக் காத்தார்கள் என்றால், இவ்வளவு நிச்சயம் பெற்ற நாம் சோர்ந்துபோக எந்த நியாயமும் இல்லை.

ஆகவே இந்த வாரம் நம்மை நாமே சில கேள்விகள் கேட்போம். என் வீட்டில் வேதத்தை வாசித்து ஜெபிக்கும் வழக்கம் என்னோடு முடிந்துவிடுமா, என் பிள்ளைகளுக்குக் கைமாறுமா? ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் இல்லை என்று சொல்லும்போது, யாராவது வருவார்கள் என்று நான் தலையைத் திருப்பிக்கொள்கிறேனா? நம் சபையில் படுக்கையில் கிடக்கும் முதியவரை நான் கடைசியாய்ப் பார்த்தது எப்போது? பேசாமல் விலகியிருக்கும் சகோதரனோடு ஒப்புரவாக, இன்னும் எதற்காகத் தாமதிக்கிறேன்? நான் கூலி கொடுக்க வேண்டியவருக்கு உரிய நாளில் கொடுத்தேனா?

இவை சிறு காரியங்களே. ஆனால் அந்த உபதேசிமாரில் பெரும்பாலோரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் செய்தவையும் இத்தகைய சிறு காரியங்களே. அவர்களுடைய பெயர்களை எஜமானர் அறிந்திருக்கிறார். அவர் இன்று இரவே வந்தாலும், நம் பேரப்பிள்ளைகளின் காலத்தில் வந்தாலும், நம்மிடம் ஒப்படைத்த வேலையில் நம்மைக் காண்பாராக.

ஜெபிப்போம்: வரவிருக்கிற எங்கள் ஆண்டவரே, உம்முடைய நாளை அறிய நாங்கள் துடிக்கிறோம், இந்த நாளை உமக்கு உண்மையாய் வாழ எங்களுக்குக் கற்பியும். தாமதம் எங்களைக் கடினப்படுத்தாதபடி காத்தருளும். எங்கள் கையில் நீர் வைத்திருக்கும் உணவை, பசித்திருக்கும் உம் வீட்டாருக்கு வேளையோடு பகிர்ந்தளிக்கக் கிருபை செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.