மிதிவண்டியும் முதுமையும்

சமயபுரத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து திருச்சி நோக்கி மிதிவண்டியில் செல்லும் முதியவர்களைக் காணுந்தோறும், வயது மனிதனிடமிருந்து எதைப் பறிக்கிறது, எதை விட்டுவைக்கிறது என்னும் வினா நம்முள் எழுகிறது. மிதிவண்டிப் பந்தய வரலாறு இதற்கு விடை பகர்கிறது.

இத்தாலிய வீரர் ஜீனோ பார்த்தாலி 1938இல் பிரெஞ்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும்பந்தயத்தில் வென்றார். போரின் காரணமாக 1940 முதல் 1946 வரை அப்பந்தயம் நடைபெறவில்லை. அவரது வலிமைமிகு ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. 1948இல் அவர் மீண்டும் அதில் கலந்துகொண்டார். அப்பந்தயத்தின்போதே அவருக்கு 34 வயது நிறைந்தது. 23 வயது லூயிசோன் போபேயைவிட 21 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தவர், ஆல்ப்ஸ் மலைப்பாதையில் தொடர்ந்து மூன்று கட்டங்களை வென்று, இறுதி வெற்றியையும் பெற்றார்.

வயது ஏற ஏற இதயத்தின் உச்சத் துடிப்பு குறைகிறது. திடீர்ப் பாய்ச்சலுக்குரிய தசைகள் தளர்கின்றன. களைப்பு ஆற நாளாகிறது. வளைவில் சறுக்கும் வண்டியை நொடியில் நிமிர்த்தும் விரைவும் மங்குகிறது. ஆயினும் நெடுந்தொலைவைத் தாங்கும் ஆற்றல் மெல்லவே தேய்கிறது. எங்கே அடக்குவது, எங்கே அழுத்துவது என்னும் பட்டறிவோ வளர்கிறது.

பிரான்சின் ராபர்ட் மர்ஷான் 2012இல், தம் 100ஆம் வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கி.மீ. ஓட்டினார். பயிற்சிக்குப் பின் 2014இல் அது 26.927 கி.மீ. ஆயிற்று, 2017இல், 105 வயதில், 22.547 கி.மீ. முதுமை பயிற்சிக்குச் சற்றே இணங்கியது, விலகிவிடவில்லை.

நம் இல்லத்துப் பெரியவரின் மிதிவண்டியைப் பூட்டி வைக்குமுன் ஒன்று கேட்போம்: அவரிடம் குறைந்தது வேகமா, விழிப்பா? வேகம் மட்டுமெனில், பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளிச் செல்லத் தெரிந்த அவரை வழிவிட்டு அனுப்புவோம்.