லிச்கேட்: உடலா, பிணமா?

இங்கிலாந்துக் கிராமங்களில், பழைய தேவாலயங்களின் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையுமிடத்தில் கூரையிட்ட மரவாயில் ஒன்று நிற்பதுண்டு. அதற்கு லிச்கேட் என்று பெயர். இருபுறமும் உட்காரப் பலகை இருக்கும். சிலவற்றில் நடுவே ஆள்நீளத்துக்கு ஒரு மேடையும் இருக்கும். தோளில் சுமந்து வந்த உடலை அங்கே இறக்கிவைத்துக் குருவானவருக்காகக் காத்திருப்பார்கள். ஏழைகளின் உடல் பெரும்பாலும் பெட்டியின்றித் துணி சுற்றியே வந்தது. மழை ஓயாத நாட்டில் அதற்குக் கூரை தேவைப்பட்டது. குருவானவர் உடலைத் தேவாலயத் தோட்டத்தின் வாயிலிலேயே எதிர்கொள்வதை 1549ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகமும் குறிக்கிறது.

'லிச் என்றால் பிணம். ஆகவே பிணவாசல்' என்று வழிகாட்டி நூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. இது அரை உண்மை. பழைய ஆங்கிலத்தில் 'லீச்' என்பதன் முதற்பொருள் உடல். பேவுல்ஃப் காவியத்தில் கை பிய்க்கப்படும் அரக்கன் கிரெண்டல் படும் வேதனைக்கு 'லீச்சார்', அதாவது உடல்நோவு, என்று பெயர். அப்போது அவன் உயிரோடுதான் இருக்கிறான். 'லீச்ஹாமா' என்ற கூட்டுச்சொல்லும் உயிருள்ள மேனிக்கு வழங்கியது. ஜெர்மனில் 'லைஷே' இன்று பிணம்தான். ஆனால் கால் ஆணிக்கு அங்கே 'லைஷ்டோர்ன்', உடல்முள், என்றொரு பெயர் உண்டு. பிணத்துக்கு எங்கே கால் ஆணி வரும்? தமிழில் 'உடல் அடக்கம்' என்னும்போது உடல் பிணத்தையே சுட்டுகிறது. அதனால் உடல் என்ற சொல்லுக்கே பிணம் என்பது பொருளாகிவிடாது.

உடலிலிருந்து உருவம், உருவத்திலிருந்து ஒப்புமை என இதே வேர் வேறு திசையிலும் கிளைத்தது. ஒப்புமை காட்டும் 'லைக்', வினையடைகளின் ஈற்றில் வரும் 'லி', உருத்தெரியாமல் தேய்ந்துபோன 'சச்', 'விச்' எல்லாம் அதன் பிள்ளைகளே. பிணப்பொருள் 'லைக்வேக்' போன்ற சில சொற்களில் மட்டும் தங்கியது. அது இரவெல்லாம் பிணத்தருகே விழித்திருக்கும் வழக்கம். டார்ட்மூர் மேட்டுநிலத்தில் லிட்ஃபோர்டு தேவாலயத்துக்கு உடல்களைச் சுமந்து சென்ற நெடும்பாதைக்கு இன்றும் 'லிச் வே' என்றே பெயர்.

லிச்ஃபீல்டு நகரப் பெயரையும் இதனோடு முடிச்சுப்போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் காலத்தில் கிறிஸ்தவர்கள் கொன்று குவிக்கப்பட்ட பிணக்களம் அது என்பது கதை. அந்த ஊரிலேயே பிறந்த சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியில் 'லிச்' என்ற சொல்லின்கீழ் இதை ஏற்றிவைத்தார், ஊர்ப்பற்று சான்றாகாது. 731இல் தம் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்த துறவி பீட், அந்த ஊரை 'லிச்சிட்ஃபெல்த்' என்கிறார். நடுவில் நிற்கும் அந்த 'இட்' பிணத்தில் எங்கிருந்து வந்தது? அருகில் இன்றைய வால் கிராமத்தில் இருந்த ரோமானியர் ஊரின் பெயர் லெட்டோசீட்டம். பிரித்தானியக் கெல்ட் மொழியில் சாம்பல்நிறக் காடு. வெல்ஷ் மொழியின் 'ல்விட்', 'கோய்ட்' இரண்டும் அதை உறுதிசெய்கின்றன. அந்தக் காட்டை அடுத்த வெளிநிலமே லிச்ஃபீல்டு.

லிச்கேட் அப்படியன்று. அதில் 'லிச்' உண்மையாகவே இருக்கிறது, உடல் என்ற பழம்பொருளோடு இருக்கிறது. நேற்றுவரை தங்களோடு உழுதவரைச் சுமந்து வந்த கிராமத்தார், அந்த வாயிலுக்கு உடலின் பெயரைத்தான் இட்டார்கள். பிணத்தின் பெயரை அல்ல.