பெருநாட் காலையும் போறணையும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதி, வல்லை வெளியின் உப்புக் காற்றைக் கடந்து வடமராட்சிக்குள் நுழைந்தபின் வந்து சேரும் பெரிய சந்தி நெல்லியடி. கொடிகாமத்துப் பக்கமிருந்து வரும் வீதியும் இவ்விடத்தை நாடியே வருகிறது. சந்தையும் கடைவீதியும் அமைந்த ஊராதலால், கரவெட்டி முதலிய அயற்கிராமத்தவர் பண்டிகைக்கு முதல்நாள் மாலை இங்கே வந்து பொருள் கொண்டு செல்வர். அவர்களுடைய பைகளை நோக்கினாலே மறுநாட் காலை அடுப்பில் என்ன ஏறும் என்பதை ஊகித்துவிடலாம். தைப்பொங்கலென்றால் பச்சையரிசியும் சர்க்கரையும். ஆடிப்பிறப்பென்றால் கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் வேண்டிய பயறும் பனங்கட்டியும். ஆடிக்கூழின் சுவையை நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பாட்டால் அறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை.

இவையெல்லாம் பொங்குவன, அவிப்பன, எண்ணெயிற் பொரிப்பன. தமிழர் அடுக்களை இம்மூன்றிலும் தேர்ந்தது. ஆனால் நாற்புறமும் அடைபட்ட சூட்டில் ஒரு பண்டத்தை வேகவைக்கும் போறணை அந்த அடுக்களைக்கு உரியதன்று. மாவை முதல்நாள் இரவே புளிக்கவைத்து, விடியற்காலையில் சூட்டிலிட்டுப் பொங்க வைத்துப் பெருநாட் காலை உணவாக்கும் வழக்கம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எவ்வாறு வேரூன்றியது என்பது சுவையான வரலாறு. போறணை கப்பலில் வந்தது. கோதுமை மாவும் கப்பலில் வந்தது. நத்தார் என்னும் பெருநாளின் பெயரும் கப்பலில் வந்ததே. மாவை எழச் செய்த புளிப்பு மட்டும் இம்மண்ணின் மரத்திலிருந்து இறங்கியது.

போறணைக்கு முந்தியது அப்பம். பெரும்பாணாற்றுப்படையும் மதுரைக்காஞ்சியும் அப்பம் சுட்டு விற்கும் கூவியரைக் குறிப்பிடுகின்றன. அக்காலத்து அப்பமும் இன்றைய அப்பமும் ஒன்றெனக் கொள்ள வேண்டியதில்லை. பெயர் பழமையானது என்பதே போதும். யாழ்ப்பாணத்து அப்பத்தின் உயிர் கள்ளில் இருக்கிறது. ஊறிய பச்சையரிசியை உரலிலிட்டு இடித்து, அரித்து, அம்மாவிற் சிறிது எடுத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, மீதி மாவுடன் கலந்து, அதில் கள்ளை விட்டுக் குழைத்து மூடிவைப்பர். இரவு முழுவதும் அந்தப் பானை மெல்ல மெல்ல மூச்சு விடும். விடியலில் மாவு இரட்டித்து நிற்கும். தேங்காய்ப் பாலும் உப்பும் சேர்த்துக் கரைத்து, குழிந்த சட்டியில் ஓர் அகப்பை விட்டுச் சுழற்றினால் ஓரம் மெல்லிய வலையாகப் படரும். நடுவில் தடித்த முதற்பாலும் சர்க்கரையும் இட்டால் அது பாலப்பம். சட்டியின் கீழே நெருப்பு எரிய, மூடியின் மேலும் சிரட்டைத் தணலை இடுவது பழைய வழக்கம். கீழிருந்தும் மேலிருந்தும் ஒருங்கே சூடு பட வேண்டுமென்ற அறிவு அப்பம் சுடுவோரிடம் இருந்தது. போறணையின் தத்துவமும் அதுவே.

மாவைப் பொங்கச் செய்யும் கள்ளின் வேலையையும் சற்று நோக்க வேண்டும். பாளையைச் சீவியதும் முட்டியிற் சொட்டும் சாறு இனிமையானது. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது கருப்பநீராகவே நிற்கும். பூசாவிட்டால், முட்டியிலும் காற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதைக் கள்ளாக்கிவிடும். அப்போது எழும் கரியமில வாயுவே மாவில் குமிழியிட்டு அதை உயர்த்துவது. நொதித்தல் உயிருள்ளவற்றின் செயல் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857இல் எடுத்துரைத்தார். அப்பம் சுட்ட பெண்கள் காரணத்தை அறியாவிடினும் காரியத்தை அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே கைக்கொண்டிருந்தனர்.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. அவர்கள் ஆண்ட காலம் நாற்பது ஆண்டுக்கும் குறைவு. அவர்கள் விட்டுச்சென்ற சொற்களோ இன்றும் வீட்டுக்குள் வாழ்கின்றன. பாண் அவர்கள் சொல்; போறணை அவர்கள் சொல்; விசுக்கோத்தும் அவர்கள் சொல்லே. இயேசு பிறப்புப் பெருநாளை அவர்கள் ‘நத்தால்’ என்றனர். இலங்கைத் தமிழ் அதை நத்தார் ஆக்கிக்கொண்டது. ஆனால் பாண் சுடுவதற்கு அவர்கள் நாட்டில் எளிதாகக் கிடைத்த புளிப்பு இந்த வெப்ப நாடுகளில் கிடைக்கவில்லை. கோவாவில் போர்த்துக்கேயரிடம் தொழில் கற்ற பாண்காரர் தென்னங்கள்ளைப் புளிப்பாகக் கொண்டனர். ஐரோப்பியக் கோதுமையும் ஆசியக் கள்ளும் ஒரே பிசைவில் கூடியது அவ்வாறே.

ஒல்லாந்தர் காலத்தில் இந்தக் கூட்டு பெருநாட் பண்டமாகவே உயர்ந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1641இல் மலாக்காவையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும், 1663இல் கொச்சியையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. இம்மூன்று துறைகளும் கடலால் ஒன்றுக்கொன்று எட்டியவை. ஆனால் மூன்று நாட்டிலும் கம்பனியாரின் வழித்தோன்றல்களிடையே ஒரே பண்டம், சிறிதே மாறிய ஒரே பெயருடன் விளங்கியது. இலங்கையிலும் கொச்சியிலும் அது புரூடர்; மலாக்காவிலும் யாவாவிலும் புளூடர். ஒல்லாந்து மொழியில் ‘புரூடர்’ என்றால் உடன்பிறந்தான் என்று பொருள். இந்தப் பண்டமும் மூன்று துறைகளிற் பிறந்த உடன்பிறப்புகளைப் போலவே இருக்கிறது. ஆவணக் களரியில் தேட வேண்டிய கம்பனியின் வழிகளை ஒரு பண்டத்தின் பெயரே காட்டிவிடுகிறது.

புரூடர் செய்யும் முறையில் ஒரு சிறப்பு உண்டு. அது வீட்டில் தொடங்குவதில்லை, பாண்காரரிடம் தொடங்குகிறது. நத்தாருக்கு முதல்நாள், பொங்கி நிற்கும் பாண்மாப் பிசைவில் ஓர் இறாத்தலோ இரண்டோ வாங்கி வருவர். அதனுள் வெண்ணெயையும் சீனியையும் முட்டை மஞ்சட்கருக்களையும் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கையால் அடித்துப் பிசைய வேண்டும். இதுவே கடினமான பகுதி. நெய்ப்பும் இனிப்பும் மிகுந்தால் புளிப்பின் வேகம் தளரும். ஆகவே ஒன்று முற்றும் கலந்தபின்னரே மற்றொன்றைச் சேர்ப்பர். முட்டை எத்தனை என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும், தாராளமே மரபு. முந்திரிகை வற்றலைக் கலந்து, ஓரம் மடிப்பு மடிப்பாக அமைந்த, நடுவே குழலுள்ள அச்சில் நெய் பூசி இட்டு, மீண்டும் பொங்கும்வரை காத்திருந்து போறணைக்கு அனுப்புவர். நத்தாரன்றும் ஆங்கிலப் புத்தாண்டன்றும் காலையில், வெண்ணெய் தடவிய துண்டுகளுடன் சிவந்த மெழுகு பூசிய ஒல்லாந்துப் பாற்கட்டியும் வாழைப்பழமும் மேசைக்கு வரும். பாற்கட்டி கடல் கடந்தது. பழம் கொல்லையிலிருந்து வந்தது. பனை பாளை விட்டுக் கள் மிகுவது தை மாதத்திற்குப் பின்னராதலால், மார்கழியில் வரும் இப்பெருநாளுக்குத் தென்னங்கள்ளே கைகொடுத்திருக்கும்.

யாழ்ப்பாண நகரத்துப் பறங்கியரின் மேசையில் இருந்த இப்பண்டம் நெல்லியடி போன்ற சைவ ஊர்களுக்கு நேரே சென்றதெனக் கூறுவது பொருந்தாது. சென்றது அதன் தாய்ப்பண்டமாகிய பாண். அதுவும் நெடுங்காலங் கழித்தே சென்றது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1814இல் வெசுலியன் மிசனரிமாரும் 1816இல் அமெரிக்க மிசனரிமாரும் குடாநாட்டுக்கு வந்தனர். பள்ளிக்கூடமும் ஆசுபத்திரியும் எழுந்த இடங்களில் பாண் அறிமுகமாயிற்று. எனினும் அது நோயாளிக்கும் துரைமாருக்கும் உரிய உணவென்றே கிராமத்தவர் எண்ணினர்.

அந்த எண்ணத்தை மாற்றியது யுத்தம். 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீட்டில் அரிசி குறைந்து கோதுமை மா வந்தது. அதை யாழ்ப்பாணத்தார் அமெரிக்கன் மா என்று அழைத்தனர். அப்பெயர் யுத்தம் முடிந்து பல்லாண்டு கழிந்தும் நீங்கவில்லை. பிசைந்தால் பசைபோல் ஒட்டும் அம்மாவைக் கொண்டு பிட்டும் இடியப்பமும் அவிப்பது எங்ஙனம்? பெண்கள் அதற்கு வழி கண்டனர். மாவைத் துணியிற் கட்டி நீராவியில் அவித்து, சூடு ஆறுமுன் உடைத்து அரித்தெடுத்தால் பசைத்தன்மை அடங்கிவிடும். அவித்த மா என்ற இவ்வுபாயம் எந்த அரசாங்க இலாகாவும் கற்பித்ததன்று. வந்த மாவைத் தம் அடுக்களைக்கு அடக்கிய இச்செயல், போறணையைக் கொண்டுவந்தோரின் செயலுக்கு எவ்வாற்றானும் குறைந்ததன்று.

சந்திகள்தோறும் பாண் போறணைகள் பெருகின. செங்கல்லால் குவிந்த கூரையாகக் கட்டிய போறணையை மாலையிலேயே விறகிட்டு எரித்து, தணலை ஒதுக்கி, தரையைத் துடைத்து, நீண்ட காம்புள்ள பலகையால் மாவுருண்டைகளை உள்ளே தள்ளுவர். கடுஞ் சூட்டில் பாண் வேகும். சூடு தணியத் தணியப் பணிசும், பின்னர்க் கேக்கும் வேகும். வீட்டில் போறணை இல்லாதோர் நத்தார்க் கேக்கைத் தட்டுகளிலிட்டு அங்கே கொண்டு செல்வதும் உண்டு. அதற்கும் வாய்ப்பில்லாதோர் சட்டியில் மணல் பரப்பி அதன்மேற் பாத்திரத்தை வைத்து, மூடியின்மேல் தணலைக் கொட்டினர். அப்பச்சட்டியின் பழைய பாடமே ஐரோப்பியக் கேக்குக்கும் உதவிற்று.

இவ்வரலாற்றில் இனிப்பற்ற பகுதி ஒன்றும் உண்டு. பெருநாட் காலையில் எல்லார் வீட்டு அப்பத்தையும் பொங்கச் செய்த கள்ளை, விடியுமுன் மரமேறி இறக்கித் தந்தவர்கள் தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்டனர். அவர்கள் இறக்கிய கள் மேற்சாதியாரின் மாப்பானைக்குள் தடையின்றிச் சென்றது. அவர்கள் மட்டும் சந்தித் தேநீர்க் கடையின் வாங்கில் அமர இயலவில்லை. கடைக்கு வெளியே நின்று சிரட்டையிலோ போத்தலிலோ தேநீர் பெற வேண்டியிருந்தது. பொது இடங்களில் இவ்வாறு தடுப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. சட்டம் ஏட்டில் இருந்ததேயன்றி வாங்கு வரை வந்து சேரவில்லை. ஆகவே 1960களின் பிற்பகுதியில் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தார் சங்கானை, நெல்லியடி முதலிய இடங்களில் தேநீர்க் கடைகளுக்குள் நுழைந்து அமரும் போராட்டத்தை நடத்தினர். கடைக்குள் இருந்து ஒரு துண்டுப் பாணும் ஒரு கோப்பைத் தேநீரும் உண்பதற்காக மனிதர் அடிபட்டனர் என்பதையும் வடமராட்சியின் உணவு வரலாறு எழுதுவோர் விட்டுவிடலாகாது.

இதற்கிடையே 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டத்தின் பின் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். புரூடர் அச்சுகளும் அவர்களுடன் கப்பலேறின. 1970களின் முற்பகுதியில் உணவுத் தட்டுப்பாட்டால் பாணுக்கு நீண்ட வரிசைகள் நின்றன. 1980இல் திருகோணமலையில் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கியது. ஆயினும் அரைக்கப்படும் கோதுமை கடல் கடந்தே வந்தது. கப்பல் நின்றால் போறணையும் நிற்கும் என்பதைக் குடாநாடு போர்க்காலத்தில் மீண்டும் மீண்டும் அறிந்தது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போதும், 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோதும் மாவும் சீனியும் எரிபொருளும் அரியனவாயின. அந்நாட்களில் ஒடியல் மாவும் மரவள்ளிக் கிழங்கும் வயிற்றைக் காத்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியில், விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறியிருந்த பாண்காரர் பலர் போறணையை மூட நேர்ந்தது.

இன்று பாண் போறணைகளில் பொதியில் வரும் ஈஸ்டே புளிப்பு. அப்ப மாவுக்கும் பல வீடுகளில் ஈஸ்டோ அப்பச்சோடாவோ போதுமென்றாகிவிட்டது. விரைவில் பொங்கும், எந்நாளும் கிடைக்கும், மரமேறுவோர் அருகிவிட்ட காலத்தில் அது இயல்பே. சோடா மாவை உயர்த்தும். கள் தரும் மெல்லிய புளிப்பையும் மணத்தையும் அது தருவதில்லை. கள்ளு விட்ட அப்பமே வேண்டுமென்போர் பெருநாளுக்கு முன்னரே சீவல்காரரிடம் சொல்லிவைத்து, முட்டி இறங்கிய அன்றே அதை மாவிற் கலந்துவிட வேண்டும். வைத்திருந்தால் காடியாகிவிடும்.