பழந்தின்னி வௌவால் ஓவியமும் பாட்னா ஓவியரும்

வரலாற்றில் ஒரு பணியைச் செய்வித்தவரின் பெயர் நிலைத்திருப்பதும், செய்தவரின் பெயர் மங்கிப்போவதும் வழக்கமாய்க் காணப்படுவன. நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்திலுள்ள பழந்தின்னி வௌவால் ஓவியம் இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வோவியம் 1777க்கும் 1782க்கும் இடைப்பட்ட காலத்தது. வௌவால் ஒரு சிறகை முற்றும் விரித்தும் மற்றதை மடித்தும் காட்சியளிக்கிறது. நரியையொத்த முகமும், செம்பழுப்பு மயிரும், நீண்ட விரலெலும்புகளுக்கிடையே படர்ந்த மெல்லிய சவ்வும் நுட்பமாகத் தீட்டப்பட்டுள்ளன. சிறகென்பது உண்மையில் விரிந்த கையே என்பதை இதனைக் காண்போர் எளிதில் உணர்வர். லேவியராகமம் வௌவாலைப் பறவைகளோடு சேர்த்து எண்ணுகிறது. பறப்பன யாவும் ஓரினம் என்பது முன்னோர் கொண்ட பகுப்பு. ஓவியரோ எப்பகுப்பையும் நாடாமல், கண்முன் இருந்ததையே கூர்ந்து நோக்கினார்.

இதனை வரைவித்தவர் மேரி இம்பே அம்மையார். அவருடைய கணவர் சர் எலைஜா இம்பே, கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி. 1775இல் நந்தகுமாருக்குத் தூக்குத்தண்டனை விதித்த நீதிமன்றத்திற்குத் தலைமை தாங்கியவர். அம்மையார் தம் இல்லத்தோட்டத்தில் பறவைகளையும் விலங்குகளையும் வளர்த்து, அவற்றை வரையும்படி பாட்னாவைச் சேர்ந்த மூவரை அமர்த்தினார். ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்போர் அவர்கள். மொகலாய மரபில் பயின்ற இவர்கள், ஐரோப்பியத் தாளில், ஐரோப்பிய இயற்கையியலாருக்கு வேண்டிய முறையில் வரையக் கற்றுக்கொண்டனர். முந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இவ்வாறு உருவாயின.

இவ்வோவியத் தொகுப்பு 1810இல் இலண்டனில் ஏலமிடப்பட்டுச் சிதறியது. அதற்கு முன்னரே, 1790இல், ஜான் லேதம் என்னும் பறவையியலார் இமயமலைப் பறவையொன்றிற்கு இம்பே அம்மையாரின் பெயரைச் சூட்டினார். அப்பெயர் அறிவியலில் இன்றும் வழங்குகிறது. ஓவியர் மூவருக்கும் இத்தகைய பேறு கிட்டவில்லை.

எனினும், அம்மையாரின் தாள்கள் பலவற்றில் ஓவியரின் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டிருந்தமை பாராட்டத்தக்கது. அக்குறிப்புகள் இல்லையெனில் இம்மூவரையும் நாம் அறியோம். வௌவால் ஓவியத்தைக் கலைக்கூடம் பவானி தாஸுக்கோ அவரைப் பின்பற்றிய ஒருவருக்கோ உரியதென்றே குறிக்கிறது. இவ்வெச்சரிக்கை நேர்மையானதே, ஆயினும் ஒரு கைவினைஞனின் பெயர் "அல்லது" என்னும் சொல்லில் தொங்குவது வருந்தத்தக்கது. தாளின் ஓரத்தில் எழுதப்படும் ஒரு வரியே ஒருவருக்கு வரலாற்றில் இடந்தரவல்லது என்பதை, ஏடுகளைப் பேணும் பொறுப்பிலுள்ளோர் மனத்திற்கொள்வது நன்று.