வயலுக்கு அடியில் போன இணையம்



ஒளியியல் பாடத்தில் முழு அக எதிரொளிப்பு நடத்தும்போது கண்ணாடி இழையைப் பற்றிச் சொன்னேன், நினைவிருக்கிறதா? ஒன்றை அன்று சொல்லாமல் விட்டேன். அதில் பெரிய செலவு இழைக்கு அல்ல, பள்ளம் தோண்டுவதற்குத்தான்.

வட இங்கிலாந்தின் லங்காஷயரில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் மலையோரக் கிராமங்கள் உண்டு. அங்கே இழை போட்டால் கட்டுப்படியாகாது என்பதுதான் வணிகக் கணக்கு. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணினி வலையமைப்புப் பணியில் இருந்த பாரி ஃபோர்ட், ரே கிராமத்து விவசாயி வீட்டுப் பெண்மணி கிறிஸ் காண்டர் முதலானோர் அந்தக் கணக்கையே மாற்றிப் போட்டார்கள். 2011இல் 'பி4ஆர்என்' என்ற சமூக நலச் சங்கம் தொடங்கினார்கள். அதை 'பார்ன்' என்றுதான் சொல்வார்கள்; அவர்கள் மொழியில் களஞ்சியம்!

சாலையைத் தோண்டினால் செலவு எகிறும். ஆகவே வயல் வழியே போனார்கள். நிலத்துக்காரர்கள் வாடகை கேட்காமல் வழிவிட்டார்கள். பள்ளம் தோண்டும் இயந்திரம் பண்ணைகளிலேயே இருந்தது. முதலுக்கு ஊராரிடமே பங்கு விற்றார்கள். தோண்டியவர்களுக்கும் கூலிக்குப் பதில் பங்கு கொடுத்தார்கள். பணம் திரும்பி வருமா என்று யாருக்கும் தெரியாது. அந்தத் துணிச்சலைத்தான் நான் வியக்கிறேன்.

மாதம் 30 பவுண்டுக்கு, ஏற்றவும் இறக்கவும் விநாடிக்கு 1,000 மெகாபிட் கொடுத்தார்கள். நகரத்தில் பலருக்கு அப்போது அது கனவு.

பிறகு பக்கத்து கும்பிரியாவிலிருந்தும் யார்க்‌ஷயரிலிருந்தும் கிராமங்கள் வந்து சேர்ந்தன. அங்கேயும் மண்வெட்டி எடுத்தவர்கள் ஊர்க்காரர்கள்தான்.